கிலோ யார் கணக்கில்?

பறிமுதல் செய்த சரக்கை மேசைமேல் அடுக்கி, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பொட்டலங்களுக்கு முன்னால் துறையின் பெயர் எழுதிய அட்டை ஒன்று இருக்கும். இந்த வேலையில் வயதைக் கழித்தவர்கள் அந்தப் படத்தில் சரக்கைப் பார்ப்பதில்லை. அட்டையில் எத்தனை துறைகளின் பெயர் இருக்கிறது என்றுதான் பார்ப்போம். ஒரே பெயர் இருந்தால், அதே ஊரில் இன்னொரு துறை அன்றைக்குக் கடுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்வோம்.

நான் சென்னைச் சுங்கத்துறையில் சேர்ந்து, டெபுடேஷனில் என்.சி.பி.க்குப் போனவன். என்.சி.பி. என்பது மத்திய அரசின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம். முதலில் சென்னையில் புலனாய்வு அதிகாரியாக இருந்தேன். பிறகு டெல்லி ஆர்.கே.புரம் வெஸ்ட் பிளாக்கில் ஒருங்கிணைப்பு வேலையில் உட்கார வைத்தார்கள். களத்தில் இருந்த நண்பர்கள் அதைத் தபால்காரர் வேலை என்பார்கள். ஒரு தூதரகத்திலிருந்து வரும் தகவலை ஒரு மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மாவட்டம் தரும் பதிலைத் திருத்தி, மானம் போகாதபடி தூதரகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மொத்த வேலையும் அவ்வளவுதான்.

சட்டத்தில் இந்த வேலைக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 4ஆம் பிரிவு மத்திய அரசின் கடமைகளைச் சொல்கிறது. பல்வேறு அதிகாரிகள், மாநில அரசுகள் ஆகியோரின் நடவடிக்கைகளை ஒருங்கிணைப்பது, சர்வதேச ஒப்பந்தங்களின் கீழ் உள்ள பொறுப்புகளை நிறைவேற்றுவது, வெளிநாட்டு அமைப்புகளுக்கு உதவுவது என்று உள்நாடும் வெளிநாடும் அடுத்தடுத்த வரிகளிலேயே வருகின்றன. அந்தப் பிரிவின் கீழ்தான் 1986 மார்ச் 17 அன்று என்.சி.பி. பிறந்தது. ஆக, இந்த அமைப்பைப் படைத்ததே ஒருங்கிணைக்கத்தான். வழக்குப் பிடிப்பது அதற்குப் பிறகு வந்து சேர்ந்த வேலை. ஆனால் நான் பார்த்த நாள் முழுக்க, பிடிப்பவருக்குத்தான் மரியாதை.

காரணம் எளிது. மாதாந்திர அறிக்கையில் கிலோவுக்குக் கட்டம் உண்டு. ஹெராயின் எத்தனை கிலோ, கஞ்சா எத்தனை கிலோ, எத்தனை பேர் கைது. பதக்கப் பரிந்துரையும் ரிவார்டும் அந்தக் கட்டத்திலிருந்துதான் கிளம்பும். இன்னொரு துறைக்குத் தகவல் கொடுத்து அவர்கள் பிடித்தால், கொடுத்தவருக்கு அந்தக் கட்டத்தில் சைபர்.

இந்தச் சட்டத்தின் கீழ் சோதனை போடும் அதிகாரம் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசில் சுங்கம், கலால், வருவாய்ப் புலனாய்வு என்னும் டி.ஆர்.ஐ., மத்திய போதைப்பொருள் துறை, துணை ராணுவம், ராணுவம் என்று அரசு எந்தப் பிரிவின் அதிகாரிக்கும் அதிகாரம் தரலாம். மாநிலத்தில் போலீஸ், வருவாய்த்துறை, மருந்துக் கட்டுப்பாடு, ஆயத்தீர்வை. இவர்களுக்குத் தலைவர்களும் வெவ்வேறு. சட்டத்தை நிர்வகிப்பது நிதி அமைச்சகத்தின் வருவாய்த்துறை. என்.சி.பி. முதலில் அங்கேதான் இருந்தது. 2003ல் உள்துறைக்கு மாறியது. போதை மறுவாழ்வு சமூகநீதி அமைச்சகத்திடம். மருந்துகள் சுகாதாரத்துறையிடம். ஒப்பந்தங்கள் வெளியுறவுத்துறை வழியாக. ஒரு வெளிநாட்டுப் பிரதிநிதி என்னிடம், ‘உங்கள் நாட்டில் இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டார். ‘எந்த வேதிப்பொருள், எந்த மாவட்டம், எந்தத் துறைமுகம் என்று சொல்லுங்கள், ஆளைச் சொல்கிறேன்’ என்றேன். சிரித்தார். அவர் நாட்டிலும் கதை பெரிதாக மாறவில்லை. அமெரிக்காவிலேயே போதைப்பொருள் அமலாக்க அமைப்பான டி.இ.ஏ.வும் குடியேற்ற, சுங்க அமலாக்க அமைப்பும் யார் எதை விசாரிப்பது என்று பல வருடம் முட்டிக்கொண்டு, 2009ல்தான் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன.

கிலோக் கணக்கின் கேடு எங்கே தெரியும் என்றால், சரக்கைப் பிடிக்காமல் விட வேண்டிய நேரத்தில்.

கட்டுப்பாட்டு விநியோகம் என்று ஒரு முறை இருக்கிறது. சரக்கு கையில் சிக்கிய பிறகும் அதைப் பிடிக்காமல், கண்காணிப்போடு போகவேண்டிய இடத்துக்குப் போகவிட்டு, வாங்கிக்கொள்ள வருபவரைப் பிடிப்பது. 1988 ஐ.நா. ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சரக்கை அப்படியே விடலாம், எடுத்துவிட்டு வெறும் பெட்டியை விடலாம், பாதி எடுத்துப் பாதிக்கு வேறு பொருளை வைத்தும் விடலாம். சம்பந்தப்பட்ட நாடுகள் வழக்குக்கு வழக்கு பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் 1990ல் சேர்ந்தது. ஆனால் நம் சட்டத்தில் இதற்கென 50ஏ பிரிவு நுழைந்தது 2001 திருத்தத்தில்தான். என்.சி.பி. தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் தந்த அதிகாரியோ, சரக்கு போகும் நாட்டின் அதிகாரிகளோடு கலந்து பேசி இதைச் செய்யலாம் என்கிறது அந்தப் பிரிவு.

அந்தப் பிரிவு வந்து சில வருடங்களுக்குள் நடந்தது இது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கூரியர் பார்சல் ஒன்றைச் சென்னையில் சந்தேகத்தின் பேரில் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே சுங்குடிப் புடவைகள். ஒவ்வொரு புடவை மடிப்புக்குள்ளும் விறைப்புக்காக ஓர் அட்டை இருக்குமே, அந்த அட்டைதான் விஷயம். எடை பார்க்கும் பையன்தான் முதலில் கவனித்தான். புடவை கைக்கு லேசாக இருக்கிறது, கட்டு மட்டும் கனக்கிறது. அட்டையின் ஓரத்தை விரலால் நெருடினால் இரண்டு அட்டைகளை மைதாப் பசை போட்டு ஒட்டியிருப்பது தெரிந்தது. பிரித்தால் நடுவே மெல்லிசான பாலிதீன் உறை, அதற்குள் இட்லி மாவை வழித்துத் தேய்த்ததுபோல் பரப்பிய வெள்ளைத் தூள். சோதனைப் பெட்டியை எடுத்தோம். மூன்று குப்பிகளிலிருந்தும் சொட்டு விட்டதும் வயலெட் நிறம் வந்தது. எபெட்ரின் வகை. மெத் எனப்படும் மெத்தாம்பெட்டமின் காய்ச்சுவதற்கான மூலப்பொருள்.

பழக்கப்பட்ட வழி என்னவென்றால், உடனே இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டு மகஜர் எழுதி, மாதிரி எடுத்து, அரக்கு முத்திரை வைத்து, மறுநாள் படம் எடுத்துக்கொள்வது. அனுப்பியவரின் அடையாளமாக பார்சலோடு இருந்தது ஒரு ரேஷன் கார்டு நகல். அந்தக் கார்டுக்கு உரியவர் ஒரு பெட்டிக்கடைக்காரர்; எப்போதோ எதற்கோ நகல் கொடுத்திருந்தார், அவ்வளவுதான் அவர் தொடர்பு. இந்தப் பக்கம் ஆள் கிடைக்கப் போவதில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் வாங்குபவர் மட்டுமே மிச்சம். அதற்குப் பார்சல் போயாக வேண்டும். அதுவும் தாமதமின்றி. கூரியர் பார்சல் ஓரிரு நாள் தாமதித்தாலே வாங்குபவர் இணையத்தில் ஏர்வே பில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நழுவிவிடுவார்.

சரக்கு இருந்த கிடங்கின் பொறுப்பில் இருந்தவர் என் பழைய துறையைச் சேர்ந்த மூத்த சூப்பரின்டெண்டென்ட்.

‘இதை விட்டுட்டா நாளைக்கு ஆடிட்ல கேட்பான் தம்பி, சரக்கு எங்கேன்னு. ஆஸ்திரேலியாவுல இருக்குன்னு சொல்லவா?’ என்றார்.

‘எழுத்துல தர்றோம் சார். டி.ஜி. உத்தரவு ஃபேக்ஸ்ல வரும்.’

‘வரட்டும், வந்தப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் அது என் ஸ்ட்ராங் ரூம்லதான் இருக்கும். வழியில காணாமப் போச்சுன்னா என் பென்ஷன்தான்யா போகும், உன் டி.ஜி. பென்ஷன் போகாது.’

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிடித்த சரக்கைக் கணக்கில் ஏற்றாமல் விமானம் ஏற்றுவது என்றால், அதுவரை இருந்த எந்த விதிப்புத்தகமும் அவரைக் காப்பாற்றாது. சென்னையில் இரவு 9 மணி என்றால் சிட்னியில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை. டெல்லியில் உள்ள அவர்களது தொடர்பு அதிகாரியைப் பிடித்து, அவர் தன் தலைமையகத்தை எழுப்பி, அவர்கள் தங்கள் சட்டப்படி ஒப்புதல் தந்து, அது எங்களுக்கு எழுத்தில் வந்து, எங்கள் உத்தரவு கிளம்பி, அதன் பிறகு கூரியர் கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் பயம். தங்கள் விமானத்தில் தெரிந்தே இதை ஏற்றினோம் என்று நாளை யாராவது வழக்குப் போட்டால்?

இதற்கு நடுவே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. முழுவதையும் எடுத்துவிடாதீர்கள், ஒரே ஓர் அட்டையில் கொஞ்சம் அசல் தூளை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் வாங்குபவர்மேல் எங்கள் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு நிற்பது கஷ்டம் என்றார்கள். எங்கள் பக்கத்துக் கவலை நேர் எதிரானது. எங்கள் வழக்குக்குச் சரக்கு முழுவதும் இங்கே இருக்க வேண்டும், ரசாயனப் பரிசோதகரின் அறிக்கை வேண்டும். கடைசியில் ஓர் அட்டை தவிர மற்றதை எல்லாம் எடுத்து, அதே கனத்துக்கு வேறு தூள் பரப்பி, மறுபடி மைதாப் பசை காய்ச்சி ஒட்டினோம். பசை காயும் வரை மின்விசிறிக்குக் கீழே புடவை அட்டைகளை விரித்துவைத்துக் காத்திருந்த அதிகாரிகளைப் பார்த்து, காவலுக்கு நின்ற ஹவில்தார் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

பார்சல் போனது. அங்கே இருவர் பிடிபட்டார்கள். எங்களுக்கு ஒரு பக்க நன்றிக் கடிதம் வந்தது. மாத அறிக்கையில் அந்தக் கட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது, எடுத்துவைத்த தூளின் சில கிலோ மட்டும். அதே மாதம் பக்கத்து அறையில் ஒருவர் கஞ்சா லாரி ஒன்றைப் பிடித்து, நூற்றுக்கணக்கில் கிலோ எழுதினார். ஆண்டு இறுதியில் யார் பெயர் மேலே போனது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அடுத்த முறை அப்படி ஒரு பார்சல் வந்தபோது, அதைப் போகவிடலாமா என்று கேட்கும் ஆர்வமே பாதிப் பேருக்கு இல்லை.

கஞ்சா லாரி என்றதும் ஞாபகத்துக்கு வருகிறது. இலங்கையில் கேரளக் கஞ்சா என்று பெயர் வாங்கிய சரக்கில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, சென்னையைச் சுற்றிக்கொண்டு, கிழக்குக் கடற்கரை வழியாக வேதாரண்யம், ராமநாதபுரம் பக்கம் இறங்குவது. பழுப்பு டேப் சுற்றிய 2 கிலோ பொட்டலங்கள். படகில் அடுக்கவும் தேவைப்பட்டால் கடலில் தள்ளவும் தோதான அளவு. ஒருமுறை அப்படிப்பட்ட லாரி ஒன்றைக் கரை வரை போகவிட்டு, படகையும் படகுக்குப் பணம் போட்டவரையும் சேர்த்து அள்ளலாம் என்று திட்டம் போட்டோம். வழியில் ஒரு டோல்கேட்டில் வேறொரு துறை அதை மடக்கிவிட்டது. டிரைவரும் கிளீனரும் மட்டும் கைது. விசாரித்தால், ஒரே சோர்ஸ் எங்களுக்கும் அவர்களுக்கும் தகவல் விற்றிருந்தான். இரண்டு இடத்திலும் ரிவார்டு கிடைக்கும் என்று கணக்குப் போட்டவனை நான் குறை சொல்லமாட்டேன். அரசாங்கத்தில் இரண்டு கதவு இருந்தால் அவன் இரண்டையும் தட்டத்தான் செய்வான்.

ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மண்டபத்தில் கடலோரக் காவல் படை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. மாநிலத்தின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். க்யூ பிரிவு போலீஸ். சுங்கத்துறையின் தடுப்புப் பிரிவு. டி.ஆர்.ஐ. இதற்கு மேல் நாங்கள். இத்தனை பேருக்கும் எதிரே இருப்பது ஒரே படகு. அந்தப் படகு போகும்போது கஞ்சா, பீடி இலை, கடல் அட்டை, 2020க்குப் பிறகு மஞ்சள், திரும்பும்போது தங்கம். பீடி இலை என்றால் சுங்கம், கடல் அட்டை என்றால் வனத்துறை, கஞ்சா என்றால் என்.டி.பி.எஸ்., தங்கம் என்றால் டி.ஆர்.ஐ. படகு ஓட்டுபவருக்கு இந்தப் பிரிவினை எதுவும் தெரியாது. அவருக்கு வாடகை தெரியும், நிலவில்லாத இரவு தெரியும். அவரைப் பற்றி ஒவ்வொரு துறையும் ஒரு கோப்பு வைத்திருக்கும். அந்தக் கோப்புகள் ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

இதைச் சரிசெய்யத்தான் 2016ல் என்கார்ட் என்ற ஒருங்கிணைப்பு அமைப்பு வந்தது. 2019ல் அதை நான்கு அடுக்காக்கினார்கள். உச்சியில் மத்திய உள்துறைச் செயலர், மாநிலத்தில் தலைமைச் செயலர், மாவட்டத்தில் கலெக்டர். அப்போது நான் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தேன். கூட்டங்கள் சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். கலெக்டர் நடத்தும் கூட்டத்தால் உருப்படியாக நடந்தது, மருந்துக் கடை ஆய்வும் பள்ளிக்கூட விழிப்புணர்வும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் கைமாறும் ஊர்களில் மருந்து ஆய்வாளரையும் இன்ஸ்பெக்டரையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததே பெரிய காரியம். டிரமடாலை 2018ல் என்.டி.பி.எஸ். பட்டியலில் சேர்த்த பிறகு அந்த மேசை ரொம்பவே பயன்பட்டது. ஆனால் முப்பது பேர் உட்கார்ந்த கூட்டத்தில் எவரும் தன் சோர்ஸ் தந்த தகவலை வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொல்லவும் கூடாது. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வராந்தாவில் இருவர் ஒதுங்கி நின்று பேசினால், அன்றைய ஒருங்கிணைப்பு அங்கே நடக்கிறது.

2022ல் நிதான் என்று கைதானவர்களின் தரவுத்தளம் ஒன்றும் வந்தது. நல்ல ஏற்பாடு. பிடிபட்டவர் வேறு மாநிலத்தில் என்ன வழக்கில் இருந்தார் என்பதை நிமிடத்தில் சொல்லிவிடும். பிடிபடப் போகிறவரை இன்னொருவரும் பின்தொடர்கிறாரா என்பதைச் சொல்லாது. டோல்கேட்டில் எங்கள் லாரியை மடக்கியவர்களிடம் அன்று நிதான் இருந்திருந்தாலும் மடக்கித்தான் இருப்பார்கள்.

வெளிநாட்டு விவகாரத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே யாரும் நம் கிலோவைத் திருடுவதில்லை. இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒரே பொருளை ஒரே மாதிரி பார்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை. கெட்டமின் நல்ல உதாரணம். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கும் மருந்து. ஐ.நா. ஒப்பந்தப் பட்டியல் எதிலும் அது இல்லை. 2011 வரை நம் நாட்டில் என்.டி.பி.எஸ். பட்டியலிலும் இல்லை. மலேசியாவில் அது கடுமையான போதைப்பொருள் குற்றம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் போகும் குருவியின், அதாவது கூலிக்குச் சரக்கு சுமப்பவரின், பெட்டியில் கெட்டமின் சிக்கினால் இங்கே சுங்கச் சட்டத்தில் ஒரு வழக்கு, சீக்கிரமே ஜாமீன். நான்கு மணி நேரம் கழித்து அங்கே இறங்கியிருந்தால் அவர் வாழ்க்கையே முடிந்திருக்கும். குருவிகளில் பலருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டிக்கெட்டும் ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் கொடுத்தால் போதும். அங்குள்ள அதிகாரிகள் எங்களிடம், ‘ஏன் உங்கள் ஊரிலிருந்து இவ்வளவு வருகிறது?’ என்று கேட்பார்கள். ‘இங்கே அது போதைப்பொருளே இல்லை’ என்று பதில் எழுத வேண்டியிருந்த வருடங்கள் அவை. எத்தனை கூட்டம் போட்டும் தீராததை ஓர் அரசிதழ் அறிவிப்பு தீர்த்தது.

எபெட்ரின், சூடோஎபெட்ரின் விஷயத்தில் அந்த இடைவெளி இன்னும் இருக்கிறது. அவை நம் சட்டத்தில் போதைப்பொருள் அல்ல, கட்டுப்படுத்தப்பட்ட பொருள். 25ஏ பிரிவில் பத்தாண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் வணிக அளவு என்ற கணக்கும், அதோடு ஒட்டி வரும் ஜாமீன் கெடுபிடியும் இதற்குப் பொருந்தாது. 2024 பிப்ரவரியில் டெல்லியில் சத்துமாவு, தேங்காய்ப் பவுடர் பெயரில் அனுப்பக் காத்திருந்த 50 கிலோ சூடோஎபெட்ரின் பிடிபட்டது. நியூசிலாந்து சுங்கத்துறையும் ஆஸ்திரேலியப் போலீசும் கொடுத்த தகவலில் கிளம்பிய வேலை அது; அமெரிக்க டி.இ.ஏ.வும் கூடுதல் தகவல் தந்தது, இங்கே என்.சி.பி.யும் டெல்லி போலீசும் சேர்ந்து செய்தன. செய்தியைப் படித்தபோது எனக்குப் புடவை அட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. இந்த முறை அட்டையில் இரண்டு துறைகளின் பெயர்.

நாடுகளின் கொள்கை ஒரு பக்கம், கீழே நடப்பது இன்னொரு பக்கம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2020 டிசம்பர் 2 அன்று வியன்னாவில், கஞ்சாவை 1961 ஐ.நா. ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. 27க்கு 25 என்ற கணக்கில் எடுக்கப்பட்டது. இந்தியா எடுக்கச் சொல்லி வாக்களித்தது. முதல் பட்டியலில் கஞ்சா தொடர்கிறது என்பதால் இங்கே எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த வாரம் எனக்குத் தெரிந்த ஒரு தலைமைக் காவலர் கேட்டார், ‘அப்ப இனிமே பொட்டலம் புடிக்க வேணாமா சார்?’ அவருக்கு விளக்கிச் சொல்ல ஒருங்கிணைப்புப் பிரிவில் எவரும் ஒரு சுற்றறிக்கை தயார்செய்து வைத்திருக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, உருப்படியாக நடக்கும் ஓர் ஏற்பாட்டையும் சொல்லியாக வேண்டும். அதில் கிலோ பிடிப்பதே கிடையாது. ஹெராயின் காய்ச்ச அசிட்டிக் அன்ஹைட்ரைடு வேண்டும். காடி நெடி அடிக்கும் திரவம். ஆஸ்பிரின் மாத்திரை செய்யவும் அதுவே வேண்டும். எனவே தடை செய்ய முடியாது, யார் யாருக்கு விற்கிறார்கள் என்று பார்க்கத்தான் முடியும். ஒரு நாடு இத்தகைய வேதிப்பொருளை ஏற்றுமதி செய்யும் முன், வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பும். 2006லிருந்து இது வியன்னாவிலுள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணைய வழியில் நடக்கிறது; பென் ஆன்லைன் என்பார்கள். இந்தியாவில் இதைப் பார்ப்பது குவாலியரிலுள்ள மத்திய போதைப்பொருள் துறை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் ஓபியம் சாகுபடிக்கு உரிமம் கொடுக்கும் அதே துறை.

அறிவிப்பு வந்ததும் ஒருவர் போய், அந்தக் கம்பெனி உண்மையில் இருக்கிறதா, அதற்கு அவ்வளவு திரவம் தேவையா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு விலாசத்தைத் தேடி நானே போயிருக்கிறேன். தொழிற்பேட்டையில் மருந்துக் கம்பெனி என்று எழுதியிருந்த எண்ணில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரப் பெண்மணி, ‘அந்தப் பேருக்கு அப்பப்ப லெட்டர் வரும் சார், ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போவார்’ என்றார். அன்று மாலையே ஆட்சேபம் அனுப்பச் சொல்லிக் குவாலியருக்கு எழுதினேன். சரக்கு புறப்பட்ட நாட்டிலேயே நின்றுவிட்டது. கைதும் கிடையாது, மகஜரும் கிடையாது, படமும் கிடையாது. அந்த லோடு போய்ச் சேர்ந்திருந்தால் எத்தனை கிலோ ஹெராயின் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு எழுத மாதாந்திர அறிக்கையில் கட்டம் இல்லை. என்னைக் கேட்டால், என் பணிக்காலத்தில் செய்த மிகப் பெரிய ‘பறிமுதல்’ அந்த ஜெராக்ஸ் கடையில்தான்.

பிடித்த பிறகு வரும் ஒருங்கிணைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு வங்கிக் கணக்கு விவரமோ தொலைபேசிப் பதிவோ நீதிமன்றத்தில் செல்லும் ஆவணமாக வேண்டுமென்றால், தொடர்பு அதிகாரி மின்னஞ்சலில் அனுப்பியது போதாது. நீதிமன்றம் வழியாகவோ பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் வழியாகவோ கோரிக்கை கிளம்பி, உள்துறை போய், அந்த நாட்டு அமைப்புக்குப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். பதில் வருவதற்குள் விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். முன்பெல்லாம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் 67ஆம் பிரிவில் குற்றவாளியே கொடுத்த வாக்குமூலம் கையில் இருக்கும். 2020 அக்டோபர் 29 அன்று தூஃபான் சிங் வழக்கில், அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, அந்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் சகாக்கள் பலர் தலையில் கைவைத்தார்கள். எனக்கு அது நல்ல தீர்ப்பாகவே பட்டது. வாக்குமூலத்தை நம்பியே வழக்கு நடத்தியவர்கள் இனியாவது ஆவணத்தைத் தேடி வெளியே கடிதம் எழுதுவார்கள்.

கடலில் இப்போது நடப்பவற்றை வெளியிலிருந்து பார்க்கிறேன். 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே ஷெனாயா துவா என்ற இலங்கைப் படகில் 100 கிலோ ஹெராயின். 2021 மார்ச்சில் விழிஞ்ஞம் பக்கம் ரவிஹன்சி படகில் 300 கிலோ ஹெராயினும் 5 ஏ.கே.47 துப்பாக்கிகளும். இரண்டையும் பிடித்தது கடலோரக் காவல் படை. ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையிலிருந்து வரும் பெரிய மரக்கலங்கள் அரபிக்கடலில் நின்று இலங்கை மீன்பிடிப் படகுகளுக்குச் சரக்கு மாற்றும் பாதை அது. படகு இலங்கையுடையது, சரக்கு ஆப்கானிஸ்தானுடையது, பிடித்தது இந்தியா, வழக்கு நம் நீதிமன்றத்தில்.

2024 நவம்பரில் நடந்தது வேறு மாதிரி. இலங்கைக் கடற்படை கொடுத்த தகவலை வைத்து இந்தியக் கடற்படை அரபிக்கடலில் இரண்டு இலங்கைப் படகுகளை மடக்கியது. சுமார் 500 கிலோ ஐஸ் போதைப்பொருள். படகுகளையும் ஆட்களையும் சரக்கையும் இலங்கை அதிகாரிகளிடமே ஒப்படைத்துவிட்டார்கள். 500 கிலோவைக் கையில் பிடித்து, அதை இன்னொரு நாட்டின் கணக்கில் எழுத விட்டிருக்கிறார்கள். கிடங்கில் என்னோடு வாதாடிய அந்த மூத்தவர் உயிரோடு இருந்திருந்தால், போன் போட்டுச் சொல்லியிருப்பேன். அவர் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்: கொழும்பு நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கும்போது, படகில் முதலில் ஏறிய நம் மாலுமிகளில் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டிவந்தால், அவரை அனுப்ப எந்தத் துறையின் கோப்பில் கையெழுத்து வாங்குவது, பயணப்படி எந்தத் தலைப்பில் போகும் என்று.